வட்டு நொடிக்கு எத்தனை முறை சுற்றும்?

2001-ஆம் ஆண்டில் நான் கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்தேன். மாநாடு ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மூன்று மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்திருந்தன. முதல் இருவரும் பாராட்டி எழுதியிருந்தார்கள். மூன்றாமவரின் நீண்ட குறிப்புகளுக்கு நடுவே ஒரு கேள்வி இருந்தது: "அளவீட்டுக்குப் பயன்படுத்திய வட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்?" வட்டு என்பது கணினியில் தரவைச் சேமிக்கும், சுழலும் காந்தத் தட்டு. விடை 7,200. அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த அரை நிமிடத்தில், கட்டுரையின் முதன்மையான வரைபடம் முழுவதும் தவறு என்பது எனக்கே விளங்கிவிட்டது.

கணக்கு மிக எளியது. வங்கிக் கணக்கில் பணம் வரவு வைப்பது போன்ற ஒரு பரிவர்த்தனை முடிந்தது என்று தரவுத்தளம் சொல்ல வேண்டுமானால், அதற்கான பதிவு முதலில் வட்டில் நிலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவேட்டின் கடைசி வரிக்கு அடுத்த வரி வட்டில் அதன் பக்கத்து இடத்திலேயே இருக்கும். முந்தைய வரி எழுதி முடிந்ததற்கு அடையாளம் வந்து, அடுத்ததை அனுப்புவதற்குள் அந்த இடம் வட்டில் எழுதும் தலைமுனையைக் கடந்து போயிருக்கும். ஆகவே ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. பரிவர்த்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே எழுதினால் நொடிக்கு ஏறக்குறைய 120 வரைதான் முடியும். என் வரைபடமோ 2,100 என்று காட்டியது.

நடந்தது இதுதான். வட்டுக்குள்ளேயே ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. எழுத வேண்டிய தரவு அந்த நினைவகத்துக்கு வந்து சேர்ந்ததுமே "எழுதிவிட்டேன்" என்று வட்டு பதில் சொல்லிவிடுகிறது. காந்தப் பரப்பில் எழுதும் வேலை பிறகு, அதற்கு வசதியான நேரத்தில் நடக்கிறது. இடையில் மின்சாரம் போனால் அந்தத் தரவும் போகும். அந்தக் காலத்து லினக்ஸ் இயக்க முறைமையில் (கணினியை நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள், ஆப்பரேட்டிங் சிஸ்டம்), தரவை நிலையாக எழுதச் சொல்லும் எஃப்சிங்க் என்ற அழைப்பு தரவை வட்டின் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். வட்டின் உள் நினைவகத்தைக் காலிசெய்யச் சொல்லாது. ஒரே ஒரு கட்டளையால் அந்த நினைவகத்தை அணைத்துவிட்டு மீண்டும் அளந்தேன். 2,100 என்பது 114 ஆனது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். என் நெறியாளர் கோபப்படவில்லை. என் ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "எல்லாப் பக்கத்திலும் அளந்த எண் இருக்கிறது. எதிர்பார்த்த எண் ஒரு பக்கத்திலும் இல்லையே," என்றார். அளப்பதற்கு முன்பே இன்ன எண் வரும் என்று எழுதியிருந்தால், 120-க்கும் 2,100-க்கும் உள்ள தூரம் முதல் நாளே கண்ணில் உறுத்தியிருக்கும். நானோ அளந்த பிறகு, வந்த எண்ணுக்குப் பொருத்தமான விளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். விளக்கம் தேடுகிறவருக்கு ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும்.

பல பரிவர்த்தனைகளைச் சேர்த்து ஒரே எழுத்தாக வட்டுக்கு அனுப்பும் முறையைத்தான் நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் பல பயனர்கள் இருக்கும்போது அதில் உண்மையான ஆதாயம் இருந்தது. வட்டின் உள் நினைவகம் தந்த போலி வேகத்தின் அடியில் அந்த ஆதாயம் இத்தனை காலம் மறைந்து கிடந்தது. அதைப் பிரித்தெடுத்து எழுத இன்னும் ஒன்றரை ஆண்டு ஆனது. பட்டம் 2003-இல் கிடைத்தது. அதன்பின் நான் ஆய்வில் செய்தவை, வகுப்பில் கற்பித்தவை ஆகிய அனைத்தும் அந்த ஒரு வரிக் கேள்வியிலிருந்து வளர்ந்தவை என்றே கருதுகிறேன். இயக்க முறைமை, தரவுத்தளம் போன்ற அடிப்படை மென்பொருள்களை ஆராயும் சிஸ்டம்ஸ் துறைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கும், பொறியியல் கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். 1989-இல் பொறியியலில் சேர்ந்தபோது, ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் என்ற பாடம் முழுவதும் கரும்பலகையில் நடந்தது. நான்கு ப்ராசஸ்கள் (ஓடும் நிரல்கள்), அவை வந்து சேரும் நேரம், ஓடும் நேரம் ஆகியவற்றைக் கொடுத்து, சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பதினாறு மதிப்பெண் கேள்வி. கட்டம் போட்டுக் கணக்கிட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஓடும் கணினி ஒன்றில் அந்த முடிவை எடுக்கிற நிரல் எங்கே இருக்கிறது, எத்தனை வரி, எந்த நேரத்தில் அது அழைக்கப்படுகிறது என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு சொல்லும் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

1993-இல் விரிவுரையாளராகச் சேர்ந்து அதே கட்டங்களை நானும் மூன்றாண்டு காலம் கரும்பலகையில் போட்டேன். 1996-இல் கணினி இதழ் ஒன்றோடு லினக்ஸ் அடங்கிய குறுந்தகடு வந்தது. துறையில் யாரும் தொடாமல் வைத்திருந்த 486 கணினி ஒன்றில், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அதை நிறுவினேன். எக்ஸ் என்ற வரைகலைத் திரை கடைசிவரை வரவில்லை. அது எனக்குத் தேவையாகவும் இல்லை. மூலநிரல் முழுவதும் வட்டில் இருந்தது. ப்ராசஸைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைத் தேடிப் படித்தேன். ஓடக் காத்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கணக்கிட்டு, அதிகப் புள்ளி உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் சிறிய சுற்று அது. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். ஏழு ஆண்டுகளாக நான் படித்தும் கற்பித்தும் வந்த ஒன்றை அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற முடிவை அந்த விடுமுறையில்தான் எடுத்தேன்.

பட்டம் பெற்றுத் திரும்பி மீண்டும் கல்லூரியில் சேர்ந்தபோது, நெறியாளர் சொன்னதை மாணவர்களுக்கான விதியாக மாற்றினேன். அப்சர்வேஷன் நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் "எதிர்பார்க்கும் விடை" என்று ஒரு பத்தி உண்டு. நிரலை ஓட்டும் முன் அதைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பின்னர் அடித்துத் திருத்தக் கூடாது. எண் தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது. காலியாக இருந்தால் குறையும். முதல் பருவத்தில் இது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. மாணவர்கள் நிரலை ஓட்டிவிட்டு வந்த விடையையே எதிர்பார்த்த விடையாக எழுதிவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, விடை சரியாகவே இருக்க வேண்டும் என்று பள்ளி முதல் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அவர்கள். எனவே நான் என் எதிர்பார்ப்பைக் கரும்பலகையில் எல்லோர் முன்னிலும் எழுதத் தொடங்கினேன். பாதி நேரம் தவறும். ஆசிரியரே தவறுவதைக் கண்ட பிறகுதான் மாணவர்களின் பேனாவும் துணிந்தது.

அந்தப் பத்தியின் மதிப்பை எனக்கே முழுமையாகப் புரியவைத்தது ஓர் எளிய சோதனை. இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்), இரண்டும் ஒரே எண்ணைப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் காப்பு) ஏதுமின்றி ஆளுக்குப் பத்தாயிரம் முறை ஒன்று ஒன்றாகக் கூட்ட வேண்டும். இருபதாயிரத்துக்குக் குறைவான விடை வரும் என்று பாடம் சொல்கிறது. கூட்டல் என்பது உண்மையில் நினைவகத்திலிருந்து எடுத்தல், கூட்டுதல், திரும்ப வைத்தல் என்ற மூன்று படிகள். ஒரு த்ரெட் எடுத்ததற்கும் வைத்ததற்கும் இடையில் மற்றது நுழைந்தால் ஒரு கூட்டல் தொலைந்துபோகும். ஆனால் 2004-இல் எங்கள் ஆய்வகக் கணினிகளில் அறுபது மாணவர்களுக்கும் இருபதாயிரம் என்றே வந்தது. "அப்படியானால் பூட்டு தேவையில்லையா, மேடம்?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நேர்மையானது. ஒரே ஒரு கோர் (செயலியின் கணக்கிடும் அலகு) உள்ள கணினியில் பத்தாயிரம் கூட்டல்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. முதல் த்ரெட்டின் முறை முடிவதற்குள் அதன் வேலையே முடிந்துவிடுவதால், இரண்டாவது குறுக்கிட வாய்ப்பே இல்லை.

சில ஆண்டுகள் கழித்து இரண்டு கோர் கொண்ட கணினிகள் வந்தன. அதே நிரலை, கூட்டல்களைப் பத்து லட்சமாக்கி ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை, ஒன்றுகூட இருபது லட்சம் இல்லை. ஆய்வகத்தில் ஒரே ஆரவாரம். அப்போது ஒரு மாணவி மட்டும் தனக்குச் சரியாக இருபது லட்சம் வருகிறது என்றார். அவருடைய நிரலில் பூட்டு இல்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, வேகத்தை மேம்படுத்தும் தெரிவைக் கொடுத்திருந்தார். அது பத்து லட்சம் சுற்றுகளையும் நீக்கிவிட்டு, ஒரே அடியாகப் பத்து லட்சத்தைக் கூட்டும்படி நிரலை மாற்றியிருந்தது. எனவே மோதல் நிகழும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. பிழை மட்டும் அப்படியே இருந்தது. கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளி வரிகளைத் திரையில் போட்டு அன்று மாலை ஐந்தரை வரை எல்லோருமாகப் படித்தோம். விடை சரியாக வந்தாலும் நிரல் தவறாக இருக்கலாம் என்பதை நான் எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதை அவர்கள் கண்டார்கள்.

பாடத்திட்டத்தில் இருந்த ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் கரும்பலகைக் கணக்குகளின் நிரல் வடிவங்களாகவே இருந்தன: வரிசைமுறைகளின் காத்திருப்பு நேரம், வங்கியாளர் வழிமுறை, பக்க மாற்று முறைகள். அவற்றை விலக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆறு வாரங்களில் அவற்றை முடித்துவிட்டு மிச்ச வாரங்களில் எக்ஸ்வி6 எடுத்துக்கொண்டோம். 1970-களின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி எம்ஐடியில் 2006-இல் கற்பித்தலுக்காகவே எழுதப்பட்ட சிறிய இயக்க முறைமை அது. பத்தாயிரம் வரிக்கும் குறைவு என்பதால், ஒரு பருவத்துக்குள் ஒரு மாணவர் அதை முழுவதும் படித்துவிட முடியும். லினக்ஸின் அளவு இன்று அதற்கு இடம் தராது.

இதை முதன்முறை தொடங்கியபோது பெரிய தவறு செய்தேன். முதல் வாரமே ஒரு புதிய சிஸ்டம் காலை (நிரல் இயக்க முறைமையிடம் சேவை கேட்கும் அழைப்பு) சேர்க்கச் சொல்லிவிட்டேன். அறுபது பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இயங்கவே இல்லை. கிடைத்த இரண்டு மணி நேரமும் எக்ஸ்வி6 ஓடுவதற்கான போலிக் கணினி மென்பொருளான எமுலேட்டரை நிறுவுவதிலேயே கழிந்தது. சொந்தமாக மடிக்கணினி இல்லாத விடுதி மாணவிகள் அடுத்த வாரம் வரும்போது மொத்தமாகப் பின்தங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் எல்லாம் நிறுவப்பட்ட ஒரே வடிவத்தைப் பென் டிரைவில் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் எழுதுவதே கிடையாது, படிப்பது மட்டும்தான். மூன்றாம் வாரம் ஒரே ஒரு வரியை நீக்கச் சொல்வேன். எடுத்துக்காட்டாக, கடிகாரக் குறுக்கீடு வந்ததும் ஓடும் ப்ராசஸ் தன் இடத்தை விட்டுக்கொடுக்கும் வரி. நீக்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். "கணினி நின்றுவிடும்" என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். நிற்பதில்லை. வழக்கமான கட்டளைகள் எல்லாம் ஓடுகின்றன, ஏனென்றால் அவை உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும்போது தாமாகவே இடத்தை விட்டுக்கொடுக்கின்றன. முடிவில்லாமல் சுற்றும் நிரல் ஒன்றை ஓட்டும்போதுதான், ஒரே கோர் உள்ள அமைப்பில், எல்லாம் உறைகிறது. இந்த ஒரு சோதனையில் கற்றதைப் பத்துக் கட்டங்கள் வரைந்து கற்பிக்க முடியாது.

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்காக விளக்கம் முழுவதையும் தமிழில் சொன்னேன். நிரலின் சொற்களை மாற்றவில்லை. "ஆளுக்கொரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கையில் உள்ள சாவிக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று டெட்லாக்கை விளக்கினால் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. தேர்வுத் தாளில் மாணவர் டெட்லாக் என்று எழுதுவார், வேலையிலும் அப்படியே சொல்வார், புரிந்ததோ தமிழில். கலைச்சொல்லை மாற்றுவதைவிட விளக்கத்தைத் தமிழில் தருவதே முதலில் செய்ய வேண்டியது என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத தமிழறிஞர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்கு மதிப்பும் உண்டு.

மதிப்பிடும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாணவர் எழுதிய நிரல் மறுநாளே முப்பது பேரிடம் இருக்கும். நிரல்களின் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உதவின. ஆனால் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று விசாரிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் கணினிக்கு முன்னாலேயே ஐந்து நிமிட வைவா. அவர் கொடுத்த நிரலில் ஏதோ ஒரு வரியைக் காட்டி, இதை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்பேன். சொல்லிவிட்டு அவரே நீக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். நண்பரிடமிருந்து வாங்கி முழுவதும் புரிந்துகொண்டு வந்தவர் தேறுவார்; அவர் தேறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் எனக்கு வேறு எங்கிருந்தும் கிடைக்காத தகவலைத் தந்தது: வகுப்பில் நான் எதைச் சரியாக விளக்கவில்லை என்பது மூன்றாவது மாணவரிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவர்களோடு பணியாற்றியது வேறு விதமான கல்வி. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தபின், கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு வந்த முக்கியத்துவம் எங்கள் துறைக்கு நன்மை செய்யவில்லை. ஒரு சிஸ்டம்ஸ் ஆய்வில் மென்பொருளை உருவாக்கவே ஓராண்டு ஆகும். அளந்து, தவறைக் கண்டு, மீண்டும் அளக்க இன்னோராண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியில் காட்ட ஒன்றும் இருக்காது. என் மாணவர்களில் ஒருவர் அந்த அழுத்தம் தாங்காமல் விலகினார். அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. சிறிய, முழுமையான முடிவு ஒன்றை முதலாண்டிலேயே வெளியிட நான் வழி செய்திருந்தால் அவர் நின்றிருப்பார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதைச் செய்தேன்: முதல் ஆண்டில் ஏற்கெனவே வெளியான ஆய்வு ஒன்றை எங்கள் கணினிகளில் திரும்பச் செய்து, அதே எண்கள் வருகின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும். அளவீட்டுக் கருவிகள் கைக்கு வரும், கையில் ஓர் அறிக்கையும் இருக்கும்.

அப்படிச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, தான் மாற்றியமைத்த நினைவக ஒதுக்கீட்டு முறை ஏழு விழுக்காடு வேகமானது என்று காட்டினார். எதிர்பார்த்ததோ இரண்டு விழுக்காடு. எதிர்பார்த்ததைவிட நல்ல விடை வந்தால்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மோசமான விடையை யாரும் சரிபார்க்காமல் விடுவதில்லை. 2009-இல் ஏஎஸ்பிஎல்ஓஎஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, நிரலின் பகுதிகளை இணைக்கும் வரிசையையோ, சூழல் மாறிகளின் (நிரல் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் பயனர் பெயர் போன்ற தகவல்கள்) மொத்த நீளத்தையோ மாற்றினாலே நிரலின் வேகம் கணிசமாக மாறக்கூடும் என்று காட்டியிருந்தது. பயனர் பெயர் நீளமாக இருந்தால்கூட நிரல் தற்காலிகத் தரவை வைக்கும் அடுக்கு நினைவகம் தொடங்கும் இடம் நகர்ந்துவிடும். மாணவியின் நிரலை வெவ்வேறு இணைப்பு வரிசைகளில், வெவ்வேறு நீளமுள்ள சூழல் மாறிகளோடு முப்பது முறை ஓட்டினோம். ஏழு விழுக்காடு கரைந்து, இரண்டுக்கும் கீழே வந்து நின்றது. அவர் அழுதார். பிறகு அந்த இரண்டு விழுக்காட்டையே, எல்லா ஏற்ற இறக்கங்களையும் காட்டும் வரைபடத்தோடு எழுதினார். நான் நெறிப்படுத்திய ஆய்வேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த இயல் அதுதான்.

இன்னொரு முறை காலையில் எடுத்த அளவும் பிற்பகலில் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை. மே மாதம், கத்திரி வெயில் காலம். நிரலில் இரண்டு நாள் தேடிவிட்டு, கடைசியில் கணினியின் பெட்டியைத் திறந்தோம். விசிறியில் தூசி அடைத்திருந்தது. பிற்பகல் வெப்பத்தில் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு அளவீட்டோடும் செயலியின் வெப்பநிலையும் அதிர்வெண்ணும் சேர்ந்தே பதிவாகும்படி செய்தோம். இரண்டு முறைகளை ஒப்பிடும்போது, முதலில் ஒன்றை முழுவதும் ஓட்டிவிட்டு அடுத்ததை ஓட்டாமல், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவதும் அன்று முதல் வழக்கமானது. அறையின் வெப்பம் இரண்டையும் சமமாகப் பாதிக்கட்டும் என்பதே காரணம்.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. யுபிஎஸ் பேட்டரிகள் முழுவதும் ஏற நேரமில்லாமல் நைந்துபோயின. கணினிகள் வேலையின் நடுவிலேயே அணைந்தன. என் ஆய்வுப்பொருளே மின்சாரம் போனபின் கோப்புகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதாக இருந்ததால், அந்த ஆண்டை நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். முறை எளியது, யாரும் செய்து பார்க்கலாம். சோதிக்கப்படும் கணினி 1, 2, 3 என்று வரிசை எண்ணை வட்டில் எழுதி, எஃப்சிங்க் அழைத்து, அது வெற்றி என்று திரும்பியதும் அந்த எண்ணை வலைப்பின்னல் வழியே இரண்டாவது கணினிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது கணினி நல்ல பேட்டரி உள்ள மடிக்கணினியாக இருக்கட்டும். மின்சாரம் போய்த் திரும்பியதும், மடிக்கணினி கடைசியாகப் பெற்ற எண் வட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால், கோப்பு முறைமையோ வட்டோ சொன்னது பொய். எங்களிடம் இருந்த பழைய வட்டுகளில் சில பொய் சொல்லின. 2001-இல் நான் ஏமாந்த அதே பொய்தான்.

இந்தச் சோதனைகளின் வழியே கோப்பை எப்படிப் பாதுகாப்பாகப் புதுப்பிப்பது என்பதை மாணவர்கள் கற்றார்கள். பழைய கோப்பின் மீதே எழுதக் கூடாது. புதிய பெயரில் எழுதி, அதற்கு எஃப்சிங்க் அழைத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றி, அதன்பின் அது இருக்கும் கோப்புறைக்கும் எஃப்சிங்க் அழைக்க வேண்டும். நான்கு படிகள்; மூன்றாவதோடு நின்றுவிடுகிற நிரல்களே அதிகம். இது மாணவர்களின் குறை மட்டுமல்ல. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் பரவலாகப் பயன்படும் பதினொரு மென்பொருள்களைச் சோதித்து, மின்சாரம் போனால் தரவு கெடக்கூடிய அறுபது இடங்களைக் கண்டார்கள். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் இன்னொன்றைக் கண்டார்கள். எஃப்சிங்க் ஒரு முறை தோல்வி என்று சொன்னபின் மறுமுறை அழைத்தால் வெற்றி என்று திரும்பலாம். ஆனால் எழுதாமல் போன தரவை லினக்ஸ் எழுதியதாகவே குறித்துக்கொண்டிருக்கும். திரும்ப முயன்றால் சரியாகிவிடும் என்று நெடுங்காலமாக நம்பியிருந்தார்கள். 2019-இல், தோல்வி வந்ததும் தரவுத்தளத்தை நிறுத்தி, பதிவேட்டிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். பெரியவர்கள் எழுதிய மென்பொருளிலும் அளந்து பார்க்காத நம்பிக்கைகள் இருக்கின்றன என்பது இளையவர்களுக்கு உற்சாகம் தருகிறது. தமக்கும் இங்கே வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

முன்னுரிமைத் தலைகீழாக்கம் பற்றிய பாடத்தை 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் தொடங்குவேன். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, அதே பூட்டுக்காக முன்னுரிமை மிக்க பணி காத்திருக்க, நடுத்தரப் பணிகள் இடையில் புகுந்து ஓடியதால் கணினி தன்னைத் தானே மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டது. பூமியில் இருந்த அதே போன்ற கணினியில் அந்தப் பிழையை மறுபடி உண்டாக்கிக் கண்டுபிடித்து, ஓர் அமைப்பை மட்டும் மாற்றும் திருத்தத்தை அங்கே அனுப்பினார்கள். நடந்ததைப் பதிவுசெய்யும் கருவிகளை மென்பொருளிலேயே விட்டுவைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ஆய்வு மென்பொருளில் அளவீட்டு வரிகளை "அழகாக இல்லை" என்று நீக்கும் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் வகுப்பில் யாரிடமும் சுற்றும் வட்டு இல்லை. எல்லோரிடமும் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பகுதி இல்லாத சில்லுச் சேமிப்பகம். நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் முடியும் என்ற பழைய கேள்வியையே கேட்டேன். சுற்று என்று ஒன்று இல்லாததால் என் பழைய கணக்கு உதவாது. ஒரு மாணவி, படிக்க நூறு மைக்ரோ நொடி ஆகும் என்பதிலிருந்து கணக்கிட்டுப் பத்தாயிரம் என்று நோட்டில் எழுதினார். அவர் மடிக்கணினியில் அளந்தபோது அறுநூறைச் சற்றுத் தாண்டியது. பக்கத்து இருக்கை மாணவர் வீட்டிலிருக்கும் மேசைக் கணினியில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் வருகிறது என்றார். பத்தாயிரம் என்று எழுதியவர் தம் எண் சரியாகிவிட்டது என்று மகிழவில்லை. "மேடம், எது பொய் சொல்கிறது?" என்று கேட்டார்.

அவருடைய அறுநூறுக்கு ஒரு பகுதி விளக்கத்தை அன்றே கரும்பலகையில் போட்டோம். எழுதுவது படிப்பதைவிட மெதுவானது. ஒரு எஃப்சிங்க் என்றால் தரவு மட்டுமல்ல, கோப்பு முறைமையின் பதிவேடும் எழுதப்பட்டு, வட்டின் உள் நினைவகமும் காலியாக வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற தன் சொந்த அட்டவணையையும் எஸ்எஸ்டி பத்திரப்படுத்த வேண்டும். ஒன்பதாயிரத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் அந்த எஸ்எஸ்டியில் இருக்கலாம். அல்லது அது காலிசெய்யாமலே "செய்துவிட்டேன்" என்று சொல்லலாம். அந்த மாணவர் வரும் வியாழக்கிழமை தன் மேசைக் கணினியை ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார். மடிக்கணினியை மறுமுனையில் வைத்து எண்களை அனுப்பியபடியே மின்செருகியைப் பிடுங்கப் போகிறோம். எத்தனை எண்கள் தொலையும் என்று மூவரும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டோம். நான் எழுதியது பூஜ்ஜியம். அவர்கள் இருவரும் எழுதியதை எனக்குக் காட்டவில்லை.